ஐபோன் ரீஸ்டோர் பாதியில் நிற்கிறதா? 4013, 3194 பிழை எண்களைப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அக்காவின் ஐபோன் அப்டேட் போட்ட இரவிலேயே ஆப்பிள் சின்னத்தில் உறைந்துவிட்டது. உள்ளே குழந்தையின் படங்கள்; பேக்கப் கிடையாது. அதனால் ரீஸ்டோர் பட்டனைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். போனைக் கணினியில் இணைத்து, ரெக்கவரி மோடில் (கணினி வழியாக ஐஓஎஸ்ஸைச் சரிசெய்யும் நிலை) கணினித் திரையில் 'அப்டேட்' கொடுத்தால் டேட்டாவை அழிக்காமல் போனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸை மட்டும் திரும்பப் போடப் பார்க்கும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

ஐபோன் 8 முதல் வந்த மாடல்களில் வால்யூம் கூட்டும் பட்டனை ஒரு தட்டு, குறைக்கும் பட்டனை ஒரு தட்டு, பிறகு பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் ஆப்பிள் சின்னம் வரும். நிறைய பேர் அங்கேயே கையை எடுத்துவிடுகிறார்கள். கேபிளும் கணினியும் உள்ள படம் வரும்வரை விடாதீர்கள். ஐஓஎஸ் கோப்பு கணினியில் டவுன்லோட் ஆக 15 நிமிடத்துக்கு மேல் பிடித்தால் போன் தானாகவே ரெக்கவரியிலிருந்து வெளியேறிவிடும். பதறாமல் டவுன்லோட் முடியட்டும், பிறகு மறுபடி ரெக்கவரிக்குக் கொண்டுபோங்கள்.

எங்களுக்கு வந்தது 4013. பட்டை நன்றாகத்தான் நகரும், திடீரென்று திரை கறுத்துப்போய் பிழை வந்து நிற்கும். அதே கேபிளில் சார்ஜ் ஏறுகிறது, கணினியும் போனைக் காட்டுகிறது. கேபிள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? ஆனால் இந்த வேலையின் நடுவே போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். யூஎஸ்பி தொடர்பு ஒரு கணம் அறுந்து, போன் வேறொரு மோடில் திரும்ப வந்து ஒட்ட வேண்டும். அந்தக் கணத்தில்தான் மட்டமான கேபிளும் ஹப்பும் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் கருவி) கைவிடும். ஹப்பைக் கழற்றிவிட்டு, வேறு கேபிளை நேராக கணினியில் செருகினோம். பட்டை முழுதாக ஓடியது. படங்கள் அத்தனையும் பத்திரம். அக்கா அழுதே விட்டாள்.

• • •

எனக்கு வந்தது 3194. இதற்கும் கேபிளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு ரீஸ்டோரின்போதும் அந்தப் போனுக்கு அந்த ஐஓஎஸ்ஸைப் போடலாமா என்று ஆப்பிளின் சர்வரிடம் கணினி அனுமதி கேட்கும். பழைய பதிப்புக்கு அனுமதி நின்றுபோயிருந்தால் கதவு திறக்காது. நான் போட்டது புதிய பதிப்புதான், ஆனாலும் வந்தது. கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் (எந்த இணைய முகவரி எங்கே போக வேண்டும் என்று எழுதிவைக்கும் கோப்பு) திறந்து பார்த்தால், எப்போதோ ஒரு மென்பொருள் எழுதிவைத்த வரி: அனுமதி தரும் அந்தச் சர்வரின் ஜிஎஸ்.ஆப்பிள்.காம் என்ற முகவரியை வேறெங்கோ திருப்பிவிட்டிருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டு கணினியை ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது. விபிஎன், ஆன்டிவைரஸ் இருந்தால் அவற்றையும் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள்.

• • •

கேபிள் மாற்றியும் கணினி மாற்றியும் அதே 4013 வந்தால் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம். என் தம்பியின் போன் முன்பு தண்ணீரில் விழுந்தது. பிரித்துப் பார்த்தபோது சார்ஜிங் போர்ட் பாகத்தில் பச்சையாகத் துரு பூத்திருந்தது. அதை மாற்றியதும் ரீஸ்டோர் ஓடியது.

ரீஸ்டோருக்குப் போகிறவர்கள் ஆப்பிள் ஐடி (இப்போது ஆப்பிள் அக்கவுண்ட்) பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைண்ட் மை (தொலைந்த போனைத் தேடும் வசதி) ஆனில் இருந்த போன், எல்லாம் அழிந்த பிறகும் அதைக் கேட்கும்; கொடுக்காமல் உள்ளே விடாது.