பாறை ஓடுவதைப் பார்த்த கதை: ஆஸ்பெக்ட் அனுபவங்கள்

லாபிஸிலிருந்து:

2025 ஆகஸ்டு 24 விடியற்காலையில் மலேசியாவின் ஜொகூரில் உள்ள சிகாமட்டில் 4.1 ரிக்டர் அளவு அதிர்வு வந்ததே, அன்று அம்மா கேட்டார்: "நீ கம்ப்யூட்டர்ல பூமியைத்தானே ஓட்டுற? இது முன்னாடியே தெரியாதா?"

தெரியாது. என்னிடம் இருப்பது ஆஸ்பெக்ட் என்ற இலவச மென்பொருள். மேலோட்டுக்கு அடியில் மேன்டில் பாறை, திடமாக இருந்தபடியே, கோடிக்கணக்கான ஆண்டுகளில் சூட்டால் ஏறி, ஆறி இறங்குவதை அது கணக்கிடும். சுமத்ராவுக்கு அடியில் போகும் பூமித் தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நகர்கிறது. செம்பனை நட்டு, 25 வருடம் கழித்து மறுநடவுக்கு வெட்டுகிற காலத்துக்குள் ஒன்றேகால் மீட்டர். தோட்டத்தில் வேலை செய்த அம்மாவுக்கு இப்படிச் சொன்னதும் பிடிபட்டது.

முதல் தடவை நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கையேட்டில் ஒரு சதுரப் பெட்டி உதாரணம் உண்டு. கீழே சூடு, மேலே குளிர்ச்சி, ராலே எண் (சூட்டால் எழும் ஓட்டம் எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) 10,000. அதில் ஈர்ப்பு விசையை ஒன்றுக்குப் பின் 14 சைபர் போட்டு வைத்திருப்பார்கள். வெப்ப விரிவெண்ணோ (சூட்டில் பாறை விரியும் அளவு) நம்பமுடியாத அளவுக்குச் சின்னது. இரண்டையும் பெருக்கினால் 10,000 வரும்படி அமைத்த கணக்கு அது. எனக்கு அது புரியவில்லை. விரிவெண் தப்பு என்று நினைத்து, நிஜப் பாறைக்குரிய 0.00002 என்று மாற்றிவிட்டேன். ராலே எண் 200 கோடிக்குப் போய்விட்டது! ஓட்டம் கன்னாபின்னாவென்று வேகமெடுக்க, கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் காலப்படிகள் சுருங்கிக்கொண்டே போயின. இரவு முழுக்க மடிக்கணினி சூடாகி இரைந்ததுதான் மிச்சம்.

பழைய எண்ணை வைத்து மறுபடி ஓட்டினேன். பெட்டியைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலையைப் பொடியாக்கப் பொடியாக்க, நுசெல்ட் எண் (ஓட்டமே இல்லாதபோது போவதைவிட எத்தனை மடங்கு சூடு மேலே போகிறது என்பது) 4.88-ஐ நெருங்கியது. 1989-இல் பல குழுக்கள் சேர்ந்து ஒப்பிட்டு வெளியிட்ட விடையும் அதுதான். விடையைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் ஒரே ஒரு சுழல், அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பெட்டியைத் தாண்டாமல் சுமத்ரா மாதிரிக்குப் போகாதீர்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

தம்பி, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகளுக்குக் கண்டங்கள் நகர்ந்ததைக் காட்டும் ஜிபிளேட்ஸ் மென்பொருளைக் காட்டினேன், அதுவும் இலவசம்தான். காலத்தைப் பின்னோக்கி நகர்த்தினால் இந்தியா தெற்கே இறங்கி அண்டார்டிகா பக்கம் போய்ச் சேரும். "நம்ம ஊர் எங்க சார்?" என்று ஆறாம் ஆண்டுப் பையன்கள் திரையருகே குவிந்துவிட்டார்கள். ஆனால் இது ஏன் நகர்கிறது என்று கேட்டதற்கு என்னிடம் படம் இல்லை.

லாபிஸிலிருந்து:

அண்ணே, ஜிபிளேட்ஸ் நகர்ந்த பாதையைக் காட்டும், விசையைக் கணக்கிடாது. அந்தக் கேள்விக்கு என் பெட்டியின் காணொளியை அனுப்புகிறேன். சிவப்பு ஏறுவதையும் நீலம் இறங்குவதையும் காட்டினால் போதும். ராலே எண்ணைப் பெரிய வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.