அப்பாவின் சவரக்கத்தி, கத்தரி, டிரிம்மர்: விமானத்தில் எதை எந்தப் பையில் வைப்பது?

காவிரிக்கரை (கேள்வி)

வணக்கம். வரும் வியாழக்கிழமை இரவு திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம். அங்கே ஒரு முடிதிருத்தகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை. செக்-இன் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது.

கொண்டு போக நினைப்பவை: 6 அங்குலக் கத்தரி ஒன்று, தின்னிங் கத்தரி ஒன்று, சார்ஜ் போடும் டிரிம்மர் இரண்டு, அவற்றுக்கு ஒரு உபரி பேட்டரி, பிளேடு மாற்றும் சவரக்கத்தி, ஒரு பெட்டி பிளேடு, படிகாரக் கட்டி, ஷேவிங் கிரீம், ஆஃப்டர் ஷேவ், பிளேடு துடைக்கிற ஸ்பிரிட், பவர் பேங்க்.

இதையெல்லாம் விட முக்கியமானது அப்பாவின் பழைய மடக்குக் கத்தி. தோல்பட்டையில் தீட்டிப் பயன்படுத்துவது. முப்பது வருடம் அவர் கையில் இருந்தது. கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பிடியில் ஒரு சின்னப் பள்ளமே விழுந்திருக்கிறது. இப்போது கை நடுங்குவதால் தொழிலை விட்டுவிட்டார், கத்தியை என்னிடம் கொடுத்தார்.

பெட்டி தொலைந்தாலும் தொலையும், விலையுள்ளதைக் கைப்பையில் வை என்கிறான் ஒரு நண்பன். இன்னொருவன், பேட்டரி உள்ள எதையும் பெட்டியில் போடாதே என்கிறான். குழப்பமாக இருக்கிறது. சோதனையில் கத்தியை எடுத்துக்கொண்டால் திருப்பித் தருவார்களா?

தரைப்பணி

தம்பி, முதலில் கத்தி விஷயம். மடக்குக் கத்தி, பிளேடு, கத்தரி எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் வைத்தால் எக்ஸ்-ரேயில் நிற்கும், பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். திரும்பக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெட்டி தொலைவது எப்போதாவது நடப்பது. கைப்பையில் கத்தி பிடிபடுவதோ கிட்டத்தட்ட நிச்சயம்.

பேட்டரிக்கு நேர் எதிர். பவர் பேங்கும் உபரி பேட்டரியும் கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் உடனே பார்த்து அணைக்க ஆள் இருக்கிறது, சரக்கு அறையில் யாரும் இல்லை. அளவு 100 வாட்-மணி (Wh, பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்பதன் அளவு) வரை. மேலே வாட்-மணி போடாவிட்டால் நீங்களே கணக்குப் பார்க்கலாம்: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் 20 ஆம்பியர்-மணி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74. தாராளமாகப் போகும். உபரி பேட்டரியின் இரண்டு முனைகளிலும் செல்லோ டேப் ஒட்டுங்கள், சாவி, சில்லறை உரசக் கூடாது.

டிரிம்மருக்குள்ளேயே இருக்கும் பேட்டரி வேறு கதை. அதைப் பெட்டியிலும் வைக்கலாம், ஆனால் முழுக்க அணைத்து, தானாக ஓடாதபடி வைக்க வேண்டும். பெட்டி ஏதோ முனகுகிறது என்று பயணியைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன், உள்ளே டிரிம்மர் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டு வசதி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் சுவிட்சின் மேல் டேப் ஒட்டுங்கள்.

ஸ்பிரிட்டை வீட்டிலேயே விடுங்கள், அது எரியும் திரவம், இரண்டு பையிலும் ஆகாது. லைட்டர், தீப்பெட்டியும் அப்படியே.

மாமல்லன்77

டிரிம்மரைக் கைப்பையில் வைக்காதீர்கள், அதிலும் பிளேடு இருக்கிறதே, பிடுங்கிவிடுவார்கள்.

தரைப்பணி

இல்லைங்க, மின்சார ஷேவர், டிரிம்மரைக் கைப்பையில் கொண்டு போகலாம். பல்லுப் பல்லாக இருக்கும் அந்தத் தலைப்பகுதியைத் தனிக் கத்தியாக எடுத்துக்கொள்வதில்லை. தனியாக எடுத்து வைத்த பிளேடுதான் பிரச்சினை.

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்காரர்

தம்பி, நானும் இதே தொழில்தான், கோலாலம்பூருக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. ஊருக்கு வந்து திரும்பும்போது ஒரு தடவை நல்ல ஜப்பான் கத்தரியைத் துணிப்பையோடு கைப்பையில் வைத்துவிட்டேன். தொழில் கருவி என்று சொன்னால் விடுவார்கள் என்று நினைத்தேன். சோதித்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்: கவுன்டருக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியில் போட முடியுமா என்று கேட்டார். பெட்டி ஏற்கெனவே போய்விட்டது, நேரமும் இல்லை. கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் தப்பியிருக்கும். நீங்கள் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

கத்தியைக் கட்டும் முறையைச் சொல்கிறேன். விளிம்பை நன்றாகத் துடைத்து ஈரம் இல்லாமல் காயவிடுங்கள். ஒரு துளி தேங்காய் எண்ணெயைப் பருத்தித் துணியால் மெல்லப் பூசுங்கள், துரு வராது. கத்தியை மடக்கி, ரப்பர் வளையம் போட்டு, துணியில் சுற்றி, கெட்டியான சின்னப் பெட்டியிலோ பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டிலோ வையுங்கள். நம் கத்திக்காக மட்டும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கை அறுபடக் கூடாது. கத்தரி முனைக்கும் ஒரு கார்க் செருகிவிடுங்கள். பிளேடு மாற்றும் கத்தியில் பிளேடை மாட்டியபடி வைக்காதீர்கள்.

பிளேடு இங்கேயே எல்லாக் கடையிலும் கிடைக்கும், தூக்கிக்கொண்டு வர வேண்டாம். டிரிம்மர் சார்ஜருக்கு மட்டும் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மலேசியாவில் 240 வோல்ட், மின்னழுத்தத்தில் தொல்லை இல்லை. ஆனால் பிளக் சதுர முள் மூன்று வைத்தது, நம்மூர் உருண்டை முள் உள்ளே போகாது.

காவிரிக்கரை

அண்ணா, மூக்குக்கண்ணாடிக் கூடு யோசனை அருமை, அப்பாவுடையதே ஒன்று இருக்கிறது. ஷேவிங் கிரீம், ஆஃப்டர் ஷேவ், தலைக்கு வைக்கிற எண்ணெய் இவை எப்படி?

மணப்பெண் அலங்காரம்

இது என் பாடு, நான் சொல்கிறேன். வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் திரவம், ஜெல், கிரீம் எல்லாம் 100 மில்லிக்கு மேற்படாத குப்பியில் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் அளவுள்ள, திறந்து மூடும் ஒளி ஊடுருவும் பை ஒன்று. குப்பியின் அளவைத்தான் பார்ப்பார்கள், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. 150 மில்லி டியூபில் பாதி கிரீம்தான் இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்து கட்டியாக இருந்தாலும் அது திரவக் கணக்குத்தான், ஹேர் வாக்ஸும் அப்படியே. 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்க நடந்த சதி பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. நீங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிடுங்கள், கவலையே இல்லை. மூடியைச் சுற்றி டேப், மேலே பிளாஸ்டிக் உறை. படிகாரம் திடப்பொருள், எங்கே வைத்தாலும் சரி.

ஸ்ப்ரே கேன் கொண்டு போகிறவர்கள் கவனிக்க: ஒரு கேன் 500 மில்லிக்கு மேல் கூடாது, மொத்தம் 2 லிட்டர், முனையில் மூடி இருக்க வேண்டும். கேஸில் சூடாகும் ஹேர் கர்லர் ஒருவருக்கு ஒன்று, சூடாகும் பகுதிக்கு உறை போட்டு. அதற்கான கேஸ் ரீஃபில் எந்தப் பையிலும் ஆகாது.

அம்மாபட்டி

அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தரியைக் கைப்பையில் விடுகிறார்களே?

தரைப்பணி

ஆமாம், மரையாணியிலிருந்து அளந்து 4 அங்குலத்துக்குள் என்றால் அங்கே விடுவார்கள். இங்கிலாந்தில் 6 சென்டிமீட்டர் வரை. ஆனால் தம்பி ஏறுவது திருச்சியில். எந்த நாட்டில் சோதனை நடக்கிறதோ அந்த நாட்டு விதி. நடுவில் விமானம் மாறினால் அங்கேயும் ஒரு சோதனை வரலாம்.

காவிரிக்கரை (வந்து சேர்ந்த பிறகு)

எல்லோருக்கும் நன்றி. திருச்சியில் பவர் பேங்கையும் உபரி பேட்டரியையும் தட்டில் தனியாக எடுத்து வைத்தேன், எதுவும் கேட்கவில்லை. கோலாலம்பூரில் பெட்டி நாற்பது நிமிடத்தில் வந்தது. அறைக்கு வந்ததும் முதலில் கூட்டைத்தான் திறந்தேன். துணியில் எண்ணெய்க் கறை, கத்தியில் ஒரு புள்ளி துரு இல்லை. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "வாரம் ஒரு தடவையாவது தோல்பட்டையில் இழு" என்று குரல் செய்தி வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடைப் பக்கம் வருகிறேன்.