ஸ்டென்ட் வைத்த பிறகு குளோபிடோக்ரலா, டைகாக்ரிலோரா?

நிலாவெளியான்: மாமாவுக்கு மாரடைப்பு வந்து கொழும்பில் ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறிய வலைக்குழாய்) வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினோடு டைகாக்ரிலோர் 90 மில்லிகிராம் காலையும் இரவும் எழுதியிருக்கிறது. திருகோணமலைக்கு வந்ததும் சொந்தக்காரர் ஒருவர், "அதே வேலைக்குக் கிளினிக்கில் சும்மா தருகிற குளோபிடோக்ரலே காணும், ஏன் காசைக் கொட்டுறீங்கள்" என்கிறார். எதில் இதயம் சீக்கிரம் தேறும்?

உவர்மலைவாசி: மாற்றாதீர்கள் தம்பி. இரண்டையும் ஒப்பிட்டு 2009 இல் வெளிவந்த பிளேட்டோ ஆய்வில் 18,624 நோயாளிகள். இதய, இரத்தக்குழாய் நோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்து ஒரு வருடத்தில் குளோபிடோக்ரல் எடுத்தவர்களில் 11.7%, டைகாக்ரிலோரில் 9.8%. குளோபிடோக்ரல் கல்லீரலில் உருமாறினால்தான் வேலை செய்யும், அதற்கான நொதி நம் தெற்காசியர்களில் நிறையப் பேருக்கு மந்தம். டைகாக்ரிலோருக்கு அந்தச் சிக்கலே இல்லை.

கோணமலையான்: அதே ஆய்வின் மற்றப் பக்கத்தையும் சொல்லுங்கள் அண்ணா. மூச்சுத்திணறல் டைகாக்ரிலோரில் 13.8%, மற்றதில் 7.8%. பைபாஸோடு சம்பந்தமில்லாத பெரிய இரத்தக்கசிவும் அதில்தான் கூட, 4.5%க்கு 3.8%. 2020 இல் வந்த பொப்புலர் ஏஜ் ஆய்வு 70 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் செய்தது. அங்கே குளோபிடோக்ரல் எடுத்தவர்களுக்கு இரத்தக்கசிவு குறைவு. மாமாவுக்கு என்ன வயது? அதைக் கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள்.

உவர்மலைவாசி: மூச்சுத்திணறல் பெரும்பாலும் லேசானது, பலருக்குத் தானாக அடங்கிவிடும். அதற்குப் பயந்து மருந்தைக் குறைப்பது என்ன நியாயம்?

பாமசிக்காரி: இருவரும் பாதியைத்தான் பேசுகிறீர்கள். மாரடைப்புக்கு வைத்த ஸ்டென்ட் வேறு, நெஞ்சு நோவுக்கு நாள் குறித்து வைத்தது வேறு. இரண்டாவதற்கு டைகாக்ரிலோர் கொடுத்துப் பெரிய பலன் இல்லை, ஆல்பியஸ் ஆய்வு 2020 இல் காட்டியது. மாரடைப்பு என்றால் அதே வகை மருந்தான பிரசுகிரெல்லையும் சேர்த்துப் பேசுங்கள், 2019 இன் ஐசார்-ரியாக்ட் 5 ஆய்வில் அது டைகாக்ரிலோரையே முந்தியது: மரணம், மாரடைப்பு, பக்கவாதம் சேர்த்து ஒரு வருடத்தில் பிரசுகிரெல்லில் 6.9%, டைகாக்ரிலோரில் 9.3%. ஆனால் பக்கவாதம் வந்தவருக்குக் கூடவே கூடாது, 75 வயதைத் தாண்டியவர்களுக்கும் 60 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் யோசித்துத்தான்.

அப்புறம், தம்பி கேட்ட "தேறுவது". இந்தக் குளிசைகள் ஸ்டென்ட்டில் இரத்தம் உறையாமல் காக்கும், அவ்வளவுதான். செத்த இதயத் தசையை எந்தக் குளிசையும் எழுப்பாது. அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறந்தது, இதயத்தின் வேலைப்பளுவைக் குறைக்கும் பீட்டா புளொக்கர், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின், சிகரெட்டை விட்டது, நாளாந்தம் நடப்பது, இவைதான் அங்கே பேசும். வயிற்றெரிவுக்கு ஒமிப்ரசோல் போடுகிறாரா என்றும் பாருங்கள், அது குளோபிடோக்ரலின் பலனைக் குறைக்கும்.

நிலாவெளியான்: வயது 71, பக்கவாதம் வந்ததில்லை. இரவுக் குளிசையை அடிக்கடி மறக்கிறார்.

கோணமலையான்: பார்த்தீர்களா! இரண்டு வேளை மருந்தில் ஒரு வேளை விட்டால் அதன் பிடி சில மணித்தியாலங்களிலேயே தளரத் தொடங்கும். ஒரு வேளைக் குளிசையை ஒழுங்காகப் போடுகிறவர் அவரைவிடப் பாதுகாப்பாக இருக்கலாம்.

உவர்மலைவாசி: மறதிக்கு மருந்தை மாற்றுவதா? யாராவது பக்கத்தில் நின்று இரவில் எடுத்துக் கொடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றாலும் முதலில் பெரிய ஆரம்ப அளவு கொடுத்து, நேரம் பார்த்துத்தான் மாற்றுவார்கள், வீட்டில் செய்கிற வேலையில்லை. ஸ்டென்ட் வைத்த டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசைகூட நிறுத்தாதீர்கள்.

கோணமலையான்: டொக்டரைக் கேட்கச் சொல்வது சரி. கேட்கும்போது வயதையும் மறதியையும் மறைக்காமல் சொல்லுங்கள். டைகாக்ரிலோர்தான் என்று முடிவெடுத்துவிட்டுப் போகாதீர்கள்.