மேலதிகாரி வாயால சொல்ற தப்பான உத்தரவு: மனசாட்சி காப்பாத்துமா, ரூல்ஸ் காப்பாத்துமா?

கேள்வி (பொதுநிர்வாக மாணவி):
எம்.ஏ. பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன் முதல் வருஷம், கூடவே யூபிஎஸ்சிக்கும் படிக்கிறேன். 2013ல கொண்டு வந்த எத்திக்ஸ் பேப்பருக்காக பிரெட்ரிக் - பைனர் விவாதம் படிச்சேன். ரெண்டு பேருமே அரசியல் அறிஞர்கள். 1940ல கார்ல் பிரெட்ரிக் என்ன சொல்றார்னா, நிர்வாகம் பெருசாயிடுச்சு, ஒவ்வொண்ணையும் வெளிய இருந்து கண்காணிக்க முடியாது, அதிகாரியோட தொழிலறிவும் பொறுப்புணர்வும்தான் கடைசில காவல். அடுத்த வருஷமே ஹெர்மன் பைனர், அதெல்லாம் நம்பிட்டு இருக்க முடியாது, ஜனங்க தேர்ந்தெடுத்தவங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இருந்தாதான் சரியா வரும்னு எழுதுறார். பரீட்சைக்கு ரெண்டும் தேவைன்னு எழுதிட்டு போயிடலாம், ஆனா எங்க அண்ணன் இப்ப ஒரு ஆபீஸ்ல உதவியாளரா சேர்ந்திருக்கான், ஒரு பாட்டியோட ஓஏபி (முதியோர் உதவித்தொகை) மனுவுல விசாரணை அறிக்கை தகுதி இருக்குன்னே சொல்லுது, மேல இருக்கிறவர் கூப்பிட்டு தகுதியில்லைன்னு நோட் (பைல்ல எழுதுற குறிப்பு) போட்டு கொண்டாங்கறார், காரணம் சொல்லல. அவன் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. இதுக்கு எந்த தியரி பதில் சொல்லும்?

பதில் 1 (ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்):
அம்மா, அண்ணன்கிட்ட முதல்ல சொல்லு, வாயால சண்டை போட வேணாம். அறிக்கையில என்ன இருக்கோ அதையே நோட் பைல்ல எழுதி, மனுதாரருக்கு தகுதி உள்ளது, ஆணைக்கு சமர்ப்பிக்கப்படுகிறதுன்னு முடிச்சு, பக்க நம்பர் போட்டு, தேதியோட சுருக்கொப்பம் வச்சு மேல அனுப்பட்டும். அவருக்கு வேணாம்னா அவரே அதுக்கு கீழ காரணத்தை எழுதி கையெழுத்து போடட்டும், அதுக்கு அவருக்கு அதிகாரம் இருக்கு. ஆனா அங்கதான் பேனா நிக்கும். பல பேர் 'பேசவும்'னு மட்டும் எழுதி திருப்பி அனுப்புவாங்க, போனா பழைய நோட்டை எடுத்துட்டு புதுசா போடுன்னு சொல்லுவாங்க. அந்த தாளை மட்டும் உருவக்கூடாது, எவ்வளவு நெருக்கினாலும். தகவல் உரிமைச் சட்டத்துல தகவல்ங்கறதுக்குள்ள கருத்தும் ஆலோசனையும்கூட வருது, நாளைக்கு அந்த பாட்டியோட பேரனே பைல்ல யார் என்ன எழுதினாங்கன்னு கேக்கலாம். படேல் 1949ல அரசியல் நிர்ணய சபையில பேசினப்போ, தன்னோட கருத்துக்கு எதிரா செயலாளர் நோட் எழுதலாம், அந்த சுதந்திரத்தை எல்லா செயலாளருக்கும் கொடுத்திருக்கேன்னு சொன்னார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

பதில் 2 (இளநிலை உதவியாளர்):
ஐயா சொல்றது சரிதான், ஆனா நோட் போட்டவனுக்கு அடுத்த மாசம் வேற ஊர் மாறுதல் வந்தா யார் கேப்பா? வீட்டு வாடகை, புள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் வச்சுக்கிட்டு தனி ஆளா நல்லவனா இருன்னா கஷ்டம்ங்க.

பதில் 3 (சமூகவியல் ஆசிரியர்):
இளநிலை உதவியாளர் சொன்ன 'தனி ஆளா'ங்கறதுதான் இங்க முக்கியம். உத்தரவுக்கு மனுஷங்க எவ்வளவு தூரம் கீழ்ப்படியறாங்கன்னு பார்த்த மில்கிராம் பரிசோதனையை எல்லாரும் வகுப்புல படிச்சிருப்போம், இன்னொருத்தர் தப்பா பதில் சொன்னா அவருக்கு ஷாக் கொடுன்னு சாம்பல் கோட்டு போட்ட ஆராய்ச்சியாளர் சொல்லச் சொல்ல 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாங்க (ஷாக் பொய், ஆனா அது அவங்களுக்குத் தெரியாது, அப்படி ஏமாத்தி ஆராய்ச்சி பண்ணது சரியாங்கறது தனியா பேச வேண்டிய விஷயம்). அதோட நிறுத்திட்டு மனுஷன் இவ்வளவுதான்னு பாடத்தை முடிச்சிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். ஏன்னா அதே மில்கிராம் இன்னொரு விதமா செஞ்சப்போ, பக்கத்துல உக்காந்த ரெண்டு பேர் நாங்க செய்ய மாட்டோம்னு எழுந்தாங்க, அப்ப கடைசி வரை போனது 40ல 4 பேர்தான். மனுஷங்க குணம் மாறல, பக்கத்துல யார் இருந்தாங்கங்கறதுதான் மாறுச்சு. அதனால அண்ணன் அந்த செக்ஷன்ல இன்னும் ஒருத்தரையாவது பேசி சேர்த்துக்கட்டும். பிரெட்ரிக் சொன்ன பொறுப்புணர்வும் இப்படி கூட வேலை செய்றவங்க நடுவுலதான் வளரும்னு நான் நினைக்கிறேன்.

பதில் 4 (வழக்கறிஞர்):
சட்டப் பக்கம் கொஞ்சம். முன்னாள் கேபினட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்ரமணியன் போட்ட வழக்குல 2013 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் வாய்மொழி உத்தரவை அதிகாரிங்க எழுத்துல பதிவு பண்ணணும்னு சொல்லிச்சு, அடிக்கடி மாத்துறதைத் தடுக்க சிவில் சர்வீசஸ் போர்டு (மாறுதல், நியமனத்துக்கு பரிந்துரை பண்ற குழு), குறைந்தபட்ச பதவிக்காலம் பத்தியும் உத்தரவு போட்டுச்சு. அகில இந்திய பணி நடத்தை விதி 1968லயும் மேலதிகாரி வாயால சொன்னா பின்னாடி எழுத்துல உறுதிப்படுத்தணும்னு இருக்கு, வாங்கினவரும் அதைக் கேட்டு வாங்கணும். ஆனா அந்த விதி ஐஏஎஸ் மாதிரி பணிகளுக்குத்தான், உங்க அண்ணன் தமிழ்நாடு அரசு ஊழியர்னா அவருக்கு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973, அதை எடுத்துப் படிச்சுட்டு நோட் எழுதச் சொல்லுங்க. அந்த பாட்டிக்கும் யாராவது சொல்லுங்க, மனு நிராகரிச்சா காரணத்தோட எழுத்துல கேட்டு வாங்கணும், அது இல்லாம மேல்முறையீடு செய்றது சிரமம்.