முதல் நாவலும் செந்தூல் பாட்டியும்

மறக்க முடியாத இலக்கியச் சந்திப்பு எது என்ற கேள்விக்கு எல்லாரும் பெரிய எழுத்தாளர்களைச் சந்தித்த கதையைச் சொல்கிறீர்கள். நான் ஒரு வாசகரைச் சந்தித்ததைச் சொல்கிறேன், அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

என் முதல் நாவலை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வெளியிட்டேன். நம்ம ஊர் வெளியீடு தெரியுமே, டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்குவார், நண்பர்கள் விலைக்கு மேலேயே பணத்தை உறையில் வைத்துக் கொடுப்பார்கள், ஆனால் அதில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான். இரண்டு மாதம் கழித்து அதே ஊரின் செந்தூல் பகுதியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "ராத்திரி ராத்திரி பாட்டிக்கு உங்க நாவலை வாசிச்சுக் காட்டினேன் சார், உங்களைப் பாக்கணும்ங்கிறாங்க."

போனேன். முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர் அந்தப் பாட்டி. உட்காரச் சொன்னார், உடனே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, உன் கதையில அந்தப் பொண்ணு வலது பக்கம் மேல உளிய வச்சு இடது பக்கம் எறக்குறா. அப்படி வெட்டுனா பால் கொறஞ்சிடும்யா. கங்காணி பாத்தா பெரட்டுல நிக்க வச்சு ஏசுவான்."

கங்காணி என்றால் வேலையாட்களின் மேற்பார்வையாளர், பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் கூட்டம். எழுந்து கதவு நிலையில் விரலை வைத்து இடது மேலிருந்து வலது கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு தேடிப் படித்தேன்: பட்டைக்குள் பால் குழாய்கள் கொஞ்சம் சாய்வாக ஓடுகின்றன, பாட்டி இழுத்த திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இன்னொன்றும் சொன்னார். நான் அவளைக் காலை எட்டு மணிக்கு நிரைக்கு, அவள் வெட்ட வேண்டிய மர வரிசைக்கு, அனுப்பியிருந்தேன், ஆனால் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டோடு போய்விட வேண்டுமாம்.

"ஒட்டுப்பால் வாடைய மட்டும் சரியா எழுதியிருக்க," என்றார். காய்ந்து ஒட்டிப்போன ரப்பர் பாலின் வாடை அது. எங்கம்மா அந்த வாடையோடுதான் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்குத் திரும்புவார். எனக்கு ஆறு வயதானபோது நாங்கள் கோலாலம்பூருக்கு வந்துவிட்டோம்.

இப்போது எழுதும் நாவலை அத்தியாயம் அத்தியாயமாக அவருக்கு வாசிக்கிறேன். மூன்றாவதைக் கேட்டுவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அதைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பினாங்கிலிருந்து ஒருவர் எழுதிய பதில்:

உங்கள் பாட்டியைப் படித்ததும் எனக்கு பட்டர்வொர்த் ஃபெரியில் போன ஒரு பயணம் ஞாபகம் வந்தது. கையில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவல். 1972-ல் வந்த புத்தகம், இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் எழுதியது. பக்கத்தில் இருந்த பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் பினாங்கு ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கியில் தானும் பெட்டியடிப் பையனாக, கடைநிலை வேலையாளாக இருந்ததாகச் சொன்னார். நாவலில் அந்த மாதிரி வார்த்தைகளையெல்லாம் நான் தாண்டித் தாண்டிப் போயிருந்தேன். பெட்டியடி எங்கே உட்காருவான், அடுத்தாள் யாருக்கு அடுத்தவர், கடையை நடத்தும் மேலாள் வந்தால் யார் எழுந்து நிற்பது, எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் படகுத்துறை வந்துவிட்டது. இறங்கிப் பக்கத்துக் கடையில் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் டீ வாங்கி உட்கார்ந்தோம், நான் முதல் பக்கத்திலிருந்து அவருக்கு வாசித்தேன்.