எடுரோம் திடீர்னு கனெக்ட் ஆகல, புது பல்கலைக்கழக வேலை, அவசரம்

மின்மினி | திங்கள், காலை 9:52
வணக்கம். பல்கலைக்கழகத்துல ஸ்டாஃபா சேர்ந்து பத்து நாள் ஆச்சு. இத்தனை நாள் எடுரோம் வைஃபை நல்லா ஓடுச்சு. இன்னைக்கு காலைல இருந்து கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. பாஸ்வேர்ட் சரிதான், நாலு தடவை பார்த்துட்டேன். ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. 11 மணிக்கு மீட்டிங், அந்த ரூம்ல மொபைல் சிக்னல் சுத்தமா கிடையாது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

அரைப்பக்கம் | 9:58
போனா லேப்டாப்பா? எந்த போன்? என்ன பிழைச்செய்தி வருது? யூசர்நேம் எப்படிக் குடுத்திருக்கீங்க, முழுசா @ போட்டா, இல்ல வெறும் ஊழியர் எண்ணா? இதெல்லாம் இல்லாம எப்படிங்க சொல்றது?

சங்குசக்கரம் | 10:03
ஐபோன்னா 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்'ஸை (போனோட நிஜ முகவரியை மறைக்கிற வசதி) ஆஃப் பண்ணுங்க. 2020-ல ஐஓஎஸ் 14 வந்ததுல இருந்து வைஃபை தொல்லைன்னு யார் வந்தாலும் இதைத்தான் சொல்றேன். பத்துல எட்டு பேருக்கு சரியாகுது.

அரைப்பக்கம் | 10:05
ஐபோனான்னே இன்னும் தெரியாது சகோ.

சங்குசக்கரம் | 10:06
ஆண்ட்ராய்டுலயும் அது உண்டு.

பழைய பஞ்சாங்கம் | 10:11
வாரத்துக்கு ஒருவர் வந்து "வேலை செய்யல" என்று எழுதிவிட்டுப் போகிறார். அது பிழைச்செய்தி அல்ல, புலம்பல். எடுரோம் என்பது உங்கள் பல்கலைக்கழகம் வாங்கி மாட்டிய வைஃபை அல்ல என்பதாவது தெரியுமா? 2002-ல் நெதர்லாந்தின் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான சர்ஃப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வியரெங்கா முன்வைத்த யோசனை அது. ஒரு நிறுவனத்தின் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொரு நிறுவனத்தின் வளாகத்திலும் இணையத்தைப் பயன்படுத்தலாம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஒரே பெயரில் இருக்கிறது. அடிப்படையைப் படித்துவிட்டு வந்தால் பாதிக் கேள்விகள் எழாது.

அரைப்பக்கம் | 10:13
பதினோரு மணிக்கு மீட்டிங்னு சொல்ற பொண்ணுக்கு வரலாற்றுப் பாடமா ஐயா?

மின்மினி | 10:21
ஐபோன். 'அன்ஏபிள் டு ஜாயின்'னு மட்டும்தான் வருது. யூசர்நேம் எல்லாம் கேட்டதே இல்ல, அதுவா கனெக்ட் ஆயிடும். வெள்ளிக்கிழமை ஸ்டாஃப் பாஸ்வேர்ட் மாத்தச் சொன்னாங்க, மாத்தினேன். ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்ல எடுரோம் ஓடுது. பிரைவேட் அட்ரஸ் ஆஃப் பண்ணிப் பார்த்தேன், அப்பவும் இல்ல.

நாலாம்மாடி | 10:24
அட, அதைத்தானே முதல்ல சொல்லணும்! வெள்ளிக்கிழமை மாத்தினீங்க, திங்கக்கிழமை போச்சு. போனுக்குள்ள பழைய பாஸ்வேர்ட் உக்காந்திருக்கு. 'ஃபர்கெட் திஸ் நெட்வொர்க்' அழுத்திட்டு புதுசா போடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

மின்மினி | 10:31
ஃபர்கெட்னு ஒண்ணுமே காட்டலையே. மத்த வைஃபைக்கு எல்லாம் காட்டுது. ஹெல்ப்டெஸ்க்குக்கும் போன் பண்ணினேன். என் ஊழியர் எண்ல தவறான முயற்சி எதுவுமே பதிவாகலையாம், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு வெச்சுட்டாங்க.

நாலாம்மாடி | 10:33
புது பாஸ்வேர்ட்ல # & மாதிரி ஏதாவது இருக்கா? சில சர்வருக்கு அது பிடிக்காது.

சங்குசக்கரம் | 10:34
பிரைவேட் அட்ரஸை ஆஃப் பண்ணிட்டு போனை ரீஸ்டார்ட் பண்ணினீங்களா? அதையும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க.

பழைய பஞ்சாங்கம் | 10:40
சங்குசக்கரம், எடுரோம் 802.1எக்ஸ் முறையில் இயங்குவது. ஆள் யார் என்று பார்த்துதான் உள்ளே விடும், சாதனத்தின் முகவரியைப் பார்த்து அல்ல. இதை உங்களுக்கு நான் சொல்வது இது மூன்றாவது இழை.

நாலாம்மாடி | 10:44
மீட்டிங்குக்கு நேரமாச்சு, இப்போதைக்கு ஒரு குறுக்கு வழி சொல்றேன். கையால நெட்வொர்க் சேர்த்து, பேரு பாஸ்வேர்ட் குடுத்து, சர்டிஃபிகேட் நம்பலாமான்னு கேட்டா 'டிரஸ்ட்' அழுத்திட்டுப் போயிட்டே இருங்க. நான் அஞ்சு வருஷமா அப்படித்தான்.

பழைய பஞ்சாங்கம் | 10:52
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எடுரோம் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு கையடக்கக் கருவியில் வைத்து ஒலிபரப்பலாம். எதிரே நிற்பது உண்மையான சர்வரா என்று பார்க்க அந்தச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நம்பினால், போலி வைஃபையிடம் உங்கள் அலுவலகக் கடவுச்சொல்லை ஒப்படைக்கிறீர்கள். எம்எஸ்சாப் வி2 முறையில் குறியாக்கம் ஆகிப் போகிறதே என்று சமாதானம் சொல்ல வேண்டாம், 2012-லேயே அதன் பாதுகாப்பு டெஸ் என்ற பழைய குறியாக்க முறையின் ஒரே ஒரு சாவியை உடைக்கும் அளவுக்குத்தான் என்று காட்டிவிட்டார்கள். சில இடங்களில் கடவுச்சொல் அப்படியே போகும் முறையும் உண்டு. ஆண்ட்ராய்டு 11-ல் 'சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வையே எடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். சம்பளச் சீட்டு, விடுப்பு, மின்னஞ்சல் மூன்றுக்கும் அதே கடவுச்சொல் என்பதை நினைவில் வையுங்கள்.

நாலாம்மாடி | 10:55
அஞ்சு வருஷத்துல எனக்கு ஒண்ணும் ஆகல.

அரைப்பக்கம் | 10:56
பஞ்சாங்கத்தோட பேச்சு எனக்குப் பிடிக்காது, ஆனா இதுல அவர் சொல்றதுதான் சரி. 'டிரஸ்ட்' பண்றதுக்கு முன்னாடி சர்வர் பேரையாவது ஹெல்ப்டெஸ்க்ல கேட்டு ஒத்துப் பாருங்க.

விடைத்தாள் | 11:10
மேடம் டீச்சிங்கா நான்டீச்சிங்கா? ஸ்டாஃப்னா உங்க டிபார்ட்மென்ட் ஹெச்ஓடிகிட்ட சொன்னா உடனே ஆள் அனுப்பியிருப்பாங்களே.

கார்பன்தாள் | 11:18
ஸ்டாஃப்னு சொன்னா டிபார்ட்மென்ட், ஹெச்ஓடின்னு முடிவே பண்ணிட்டீங்க. பதிவாளர் அலுவலகம், தேர்வுப் பிரிவு, கணக்கு, விடுதி, ஆய்வகம்னு இத்தனை பேர் இருக்கோம், நாங்க ஸ்டாஃப் இல்லையா?

விடைத்தாள் | 11:22
கோவிச்சுக்காதீங்க. நாங்க படிச்சப்ப 'ஸ்டாஃப் வர்றாங்க'ன்னா பாடம் நடத்துறவங்கதான். வாய் பழகிடுச்சு.

கார்பன்தாள் | 11:30
அதான் பிரச்சினையே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பலதுல 'ஸ்டாஃப்'னா அலுவலகத்துக்காரங்க, பாடம் நடத்துறவங்க 'ஃபேகல்ட்டி'. இங்க அது தலைகீழ். எங்களுக்குக் கிடைச்ச பேரு 'நான்டீச்சிங்'. வேலையை வெச்சுக் கூப்பிடாம, எந்த வேலை செய்யலையோ அதை வெச்சுக் கூப்பிடுற ஒரே இனம் நாங்கதான். டிரைவரை யாராவது 'நடக்காதவர்'னு சொல்வாங்களா?

விடைத்தாள் | 11:33
:) அது சரி. வேற என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க.

கார்பன்தாள் | 11:37
'நிர்வாக ஊழியர்'னு சொல்லலாம். நாலு எழுத்து கூட அடிக்கிறதுல விரல் தேயாது.

சங்குசக்கரம் | 11:41
ஆய்வக உதவியாளர் நிர்வாக ஊழியரா?

கார்பன்தாள் | 11:42
வைஃபை பத்திப் பேசுங்க சகோ.

வௌவால் | மதியம் 12:26
நூலகத்துல வேலை பார்க்கிறேன், வருஷா வருஷம் இந்தக் கேஸ் ரெண்டு மூணு வருது. மின்மினி, மூணே மூணு கேள்வி. உங்க போன்ல எடுரோமை யார் போட்டுக் குடுத்தா? இந்த வேலைக்கு முன்னாடி எங்க இருந்தீங்க? இந்தப் பத்து நாள்ல வைஃபை ஓடினப்ப, ஊழியர்களுக்கு மட்டுமான உள்பக்கமோ பிரிண்டரோ போன்ல ஒரு தடவையாவது வந்துச்சா?

மின்மினி | 1:44
மீட்டிங் இப்பதான் முடிஞ்சுது, படிக்கட்டுக்கும் ரூமுக்கும் ஓடினதுதான் மிச்சம். யாரும் போட்டுத் தரல. முதல் நாள் கேட்டுக்குள்ள நுழைஞ்சதுமே அதுவா வந்துடுச்சு, பரவாயில்லையே எல்லாம் தயாரா வெச்சிருக்காங்களேன்னு சந்தோஷப்பட்டேன். முன்னாடி வேற ஒரு பல்கலைக்கழகத்துல மூணு வருஷம் திட்ட உதவியாளரா இருந்தேன். பிரிண்டர், உள்பக்கம் ரெண்டும் போன்ல வந்ததே இல்ல. "புது ஆளுக்கு அனுமதி வர ஒரு வாரம் ஆகும்"னு பக்கத்து சீட் அண்ணன் சொன்னார், விட்டுட்டேன். இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

வௌவால் | 2:05
சம்பந்தமே அதுதான். நீங்க இந்தப் பத்து நாளும் புது இடத்து வைஃபையில ஊழியரா நுழையவே இல்லம்மா, விருந்தாளியா நுழைஞ்சிருக்கீங்க.

பேரு எல்லா இடத்துலயும் 'எடுரோம்'தான். உங்க போன்ல மூணு வருஷம் முன்னாடி பழைய பல்கலைக்கழகம் போட்ட அமைப்பு அப்படியே இருக்கு. புது வளாகத்துல அதே பேரைப் பார்த்ததும் போன் பழைய கணக்கை நீட்டியிருக்கு. @ குறிக்குப் பின்னாடி இருக்கிற பேரைப் பார்த்துதான் அந்தக் கோரிக்கை எந்த வீட்டுக்குப் போகணும்னு முடிவாகும். இங்க இருக்கிற ரேடியஸ் சர்வர், அதாவது ஆள் யாருன்னு சரிபார்க்கிற சர்வர், "இது நம்ம ஆள் இல்ல"ன்னு மேல அனுப்பும். அது நாட்டளவிலான சர்வர் வழியா உங்க பழைய பல்கலைக்கழகத்துக்குப் போகும். அவங்க "ஆமா, எங்க ஆள்தான்"னு சொன்னாங்க, இங்க கதவு திறந்துச்சு. வேலையை விட்டதும் கணக்கை அன்னைக்கே மூடுற இடமும் உண்டு, சில வாரம் கழிச்சு மூடுற இடமும் உண்டு. உங்களோடதை இப்பதான் மூடியிருக்காங்க. இன்னைக்கு "இந்த ஆளைத் தெரியாது"ன்னு பதில் வந்திருக்கும்.

மத்ததையும் இதோட வெச்சுப் பாருங்க. லேப்டாப் இங்க குடுத்தது, அதுல இங்கத்துக் கணக்கு, அதனால ஓடுது. ஹெல்ப்டெஸ்க் உங்க புது எண்ணைத் தேடினாங்க, போன்ல இருந்து அந்த எண் இதுவரைக்கும் போனதே இல்ல, அப்புறம் எப்படிப் பதிவு இருக்கும்? வெளியாள் கணக்குல வர்றவங்களைப் பல வளாகங்கள்ல தனி வலைப்பிரிவுல விடுவாங்க, இணையம் மட்டும் வரும், பிரிண்டரும் உள்பக்கமும் வராது. வெள்ளிக்கிழமை நீங்க பாஸ்வேர்ட் மாத்தினது தற்செயல்.

ஃபர்கெட் காட்டாததுக்குக் காரணம், அது புரொஃபைலா, அதாவது எல்லா அமைப்பும் சேர்ந்த ஒரே கோப்பா போட்டது. செட்டிங்ஸ், அதுல ஜெனரல், அதுக்குள்ள 'விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்' போங்க. பழைய பல்கலைக்கழகத்துப் பேர்ல ஒண்ணு இருக்கும். அதைத் தொட்டு 'ரிமூவ் புரொஃபைல்' குடுங்க, போனோட பாஸ்கோடு கேக்கும். அப்புறம் புது இடத்தோட எடுரோம் அமைப்பை அவங்க சொல்ற பக்கத்துல இருந்தோ கெட்எடுரோம் ஆப் வழியாவோ இறக்குங்க. மொபைல் டேட்டா வர்ற இடத்துல நின்னு செய்யுங்க, பழசை எடுத்துட்டு புதுசை இறக்க நெட் இல்லாம முழிக்கிறவங்க நிறைய.

அரைப்பக்கம் | 2:11
"யூசர்நேம் கேட்டதே இல்ல"ன்னு 10:21-க்கே சொல்லிட்டாங்க. நான் கேட்ட கேள்விக்கான பதில் அது, அதையே கவனிக்காம விட்டுட்டேன் பாருங்க.

பழைய பஞ்சாங்கம் | 2:19
ஒரு நிறுவனத்தின் கணக்கு இன்னொரு வளாகத்தில் செல்லும் என்று 10:11-க்கே எழுதியிருக்கிறேன். கவனித்துப் படித்தவர்களுக்கு விடை அதிலேயே இருந்தது.

அரைப்பக்கம் | 2:21
உங்களுக்கும் சேர்த்துதானே ஐயா?

நாலாம்மாடி | 2:30
வேலையை விட்டுப் போனவங்க கணக்கு பத்து நாள் உயிரோட இருக்கிறதுதான் பெரிய ஓட்டை. நான் 'டிரஸ்ட்' அழுத்தினதுக்குத் திட்டினீங்களே, இதுக்கு யாரைத் திட்டுவீங்க?

கார்பன்தாள் | 2:38
ஓட்டை இல்ல, அவகாசம். விட்டுட்டுப் போறவங்க மெயில்ல இருக்கிறதை ஒப்படைக்கணும், சொந்தக் கோப்பை எடுக்கணும். மதியம் விடுவிப்பு ஆணை வாங்கி சாயந்திரம் கணக்கு செத்துப்போய், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் உள்ளேயே மாட்டிக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

நாலாம்மாடி | 2:41
மெயிலுக்குச் சரி. வைஃபைக்கு எதுக்கு அவகாசம்?

வௌவால் | 2:55
பல இடத்துல ரெண்டும் ஒரே கணக்கு, தனித்தனியா மூட வழி இருக்காது. அது கிடக்கட்டும். மின்மினி, பழைய கணக்கு இப்பதான் போயிருக்குன்னா இன்னும் சிலதைப் பார்த்துடுங்க. ஆர்கிட் எண் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) வெச்சிருந்தா அந்த 16 இலக்கம் உங்களோடவே வரும், ஆனா உள்ளே நுழைய பழைய மெயில் மட்டும் குடுத்திருந்தா மாட்டிக்குவீங்க, சொந்த மெயில் ஒண்ணு சேர்த்து வைங்க. ஆய்விதழ்ப் பக்கங்கள்ல 'உங்கள் நிறுவனம்'னு பிரவுசர் பழசையே ஞாபகம் வெச்சிருக்கும், மாத்துங்க. பழைய மெயிலை வேற எந்தக் கணக்குக்காவது மீட்பு முகவரியா குடுத்திருக்கீங்களான்னும் பாருங்க, அதுதான் ஆறு மாசம் கழிச்சுக் கழுத்தைப் பிடிக்கும்.

விடைத்தாள் | 3:20
மேடம் எந்தப் பிரிவுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே.

மின்மினி | செவ்வாய், காலை 9:37
புரொஃபைல் இருந்துச்சு, பழைய பேர்லயேதான். எடுத்துட்டு புதுசு போட்டேன், வந்துடுச்சு. பிரிண்டரும் வருது. வௌவால் அக்காவோ அண்ணனோ, ரொம்ப நன்றி. பக்கத்து சீட் அண்ணனுக்கும் ஒரு வருஷமா பிரிண்டர் வரலையாம், அவர் போனை இப்ப வாங்கி வெச்சிருக்கேன்.

சங்குசக்கரம் | 9:50
பிரைவேட் அட்ரஸ் ஆஃப்லதானே இருக்கு?