மறு: "இன்ஸ்டன்ஸ் ஆஃப்", "சப்கிளாஸ் ஆஃப்" – விக்கித்தரவில் தமிழில் என்ன வைக்கலாம்?

வணக்கம். விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உருப்படி (பக்கம்) உண்டு, அதைப் பற்றிய தகவல்கள் "பண்பு" என்னும் பெயரிட்ட கட்டங்களில் உட்காரும். ஒரு தனிப் பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் பண்பு "இன்ஸ்டன்ஸ் ஆஃப்" (பி31), ஒரு வகை எந்தப் பெரிய வகைக்குள் அடங்கும் என்று சொல்லும் பண்பு "சப்கிளாஸ் ஆஃப்" (பி279). இந்த இரண்டுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இழையில் வந்த ஒரு யோசனைக்கு இது பதில்.

> இரண்டுக்கும் "வகை" என்றே வைத்துவிடலாமே, படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

படிப்பவருக்குப் புரியும், சரி. ஆனால் இந்தப் பெயரைப் பார்த்துத்தானே ஆட்கள் தரவு சேர்க்கிறார்கள், சிக்கல் அங்கேதான். போன மாதம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சிவன் கோயில்கள் ஏழெட்டுக்கு உருப்படி உருவாக்கினேன், தூக்கக் கலக்கத்தில் பி31 என்ற பண்பில் போட வேண்டியதை பி279இல் போட்டுவிட்டேன். மறுநாள் "இந்துக் கோயில்கள் அனைத்தும்" என்று வினவலை (தேடல் கட்டளையை) ஓட்டினால் ஒன்றுகூட வரவில்லை. அந்த வினவல் முதலில் ஒரே ஒரு பி31 படியில் ஏறும், அதற்குமேல் எத்தனை பி279 படி இருந்தாலும் ஏறிக்கொண்டே போகும். என் கோயில்களுக்கு முதல் படியே இல்லை. கோயிலைக் கட்டிவிட்டு வாசல் வைக்க மறந்த கதை.

வித்தியாசத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல நான் இட்லியைத்தான் இழுப்பேன். காஞ்சிபுரம் இட்லி என்பது இட்லியில் ஒரு வகை, இட்லி என்பது உணவில் ஒரு வகை, இதெல்லாம் பி279. என் தட்டில் ஆறிப்போய்க் கிடக்கிற இந்த ஓர் இட்லிக்கு யாராவது உருப்படி உருவாக்கினால் (வேண்டாம்) அதற்குத்தான் பி31. "ஒவ்வொரு" போட்டுப் பாருங்கள்: "ஒவ்வொரு காஞ்சிபுரம் இட்லியும் ஓர் இட்லி" சரியாக வருகிறது, ஆகவே பி279. "ஒவ்வொரு பாரதியாரும் ஒரு மனிதர்" என்று சொல்ல வாய் வராது, ஆகவே பி31. உயிரினங்கள் பக்கம் போனால் இந்தச் சோதனை உதவாது, அங்கே சிற்றினத்தையே ஒரு "வகைப்பாட்டு அலகு" என்று பி31இல் போட்டுவிட்டு, மேலே உள்ள பேரினத்துக்கு பி171 என்று தனிப் பண்பு வைத்திருக்கிறார்கள். அதை இப்போது கிளற வேண்டாம்.

இனி சொற்கள்.

பி31க்கு "இது ஒரு" என்று ஒரு முன்மொழிவு வந்தது. கோயிலுக்கு அழகாக இருக்கிறது. "பாரதியார் – இது ஒரு – மனிதர்" என்று திரையில் பார்த்தால் எனக்கே கை கூசுகிறது. ஆங்கிலத்துக்குத் திணை கிடையாது, அவர்கள் தப்பித்தார்கள். "வகுப்பு" வேண்டவே வேண்டாம். ஒருவர் பெயருக்குக் கீழே "வகுப்பு:" என்று ஒரு வரி இருந்தால் நம் ஊரில் அது பள்ளிக்கூட விண்ணப்பம், இல்லாவிட்டால் சாதிச் சான்றிதழ். "நேர்வு" கணினிக் கலைச்சொல்லாக ஏற்கெனவே புழங்குகிறதுதான், ஆனால் "நேர்வு: மனிதர்" என்றால் என்னத்தைப் புரிந்துகொள்வது?

பி279க்கு நிறையப் பேர் ஆதரித்தது "உள்வகை". அகராதிப்படி பழுதில்லை. ஆனால் பெயருக்குப் பின்னால்தான் மதிப்பு வந்து உட்காரும் என்பதை மறந்துவிடுகிறோம். "இட்லி – உள்வகை – உணவு". இதைத் தமிழன் எப்படிப் படிப்பான்? இட்லியின் உள்வகை உணவு என்று! திசையே தலைகீழாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த "ஆஃப்" கடைசியில் நின்று அடுத்து வரும் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது, நமக்கோ வேற்றுமை உருபு உணவின்மேல் ஒட்ட வேண்டும், "உணவின் உள்வகை" என்று. மென்பொருள் ஒட்டித் தராது. அதனால் ஆங்கிலப் பெயரை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, அந்தக் கட்டத்தில் என்ன வந்து உட்காருகிறதோ அதற்குப் பெயர் வைப்போம். விண்ணப்பப் படிவத்தில் "பிறந்த ஊர்" என்றுதானே போடுகிறோம், "இல் பிறந்தவர்" என்றா போடுகிறோம்?

அப்படிப் பார்த்தால் என் முன்மொழிவு:

பி31: சேர்ந்த வகை
பி279: மேல்வகை

"பாரதியார் – சேர்ந்த வகை – மனிதர்", "இட்லி – மேல்வகை – உணவு". திணையும் இடிக்கவில்லை, திசையும் மாறவில்லை. "சேர்ந்த வகை" கொஞ்சம் மொட்டையாக ஒலிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன், இதைவிட நல்லது கிடைத்தால் உடனே விட்டுத்தருகிறேன். தோற்ற சொற்களையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரு மொழிக்கு ஒரு பெயர்தான், மாற்றுப்பெயர் எத்தனையும் சேர்க்கலாம். "உள்வகை" என்று தட்டச்சு செய்தாலும் பண்பு வந்து நிற்கும்.

ஆன்டாலஜிக்கே (வகைகளையும் அவற்றின் உறவுகளையும் வரையறுக்கும் இந்த மொத்தக் கட்டமைப்புக்கே) "நிகண்டு" என்று வைக்கலாம் என்றவருக்கு: ஆசை எனக்கும் உண்டு, திவாகரம் என்ற பழைய நிகண்டின் 12 தொகுதிகளில் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பிரித்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் நிகண்டு யானைக்கு எத்தனை பெயர் என்று சொல்லும், நமக்கு வேண்டியது துதிக்கைக்கும் யானைக்கும் என்ன உறவு என்பது. "மெய்ப்பொருளியல்" போன்றவையும் எனக்கு உடன்பாடில்லை. "இயல்" என்றால் படிப்பு, நாம் கட்டுவது ஒரு பொருள். "இரண்டு மெய்ப்பொருளியல்களை இணைத்தேன்" என்று யாரும் எழுதமாட்டார்கள். இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

இன்னொன்று, அச்சில் உள்ள கலைச்சொல் அகராதிகளை அப்படியே அள்ளிக் கொட்டாதீர்கள். விக்கித்தரவு சிசி0 உரிமத்தில் (யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று உரிமையை விட்டுக்கொடுப்பது) இருக்கிறது, அடுத்தவர் பதிப்புரிமையை நாம் தானம் செய்ய முடியாது.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பி31, பி279 இரண்டையும் மாற்றிவிடுகிறேன். பி361 (இது எதன் பகுதி), பி527 (இதன் பகுதிகள் எவை) இரண்டிலும் இதே திசைச் சிக்கல் இருக்கிறது: "துதிக்கை – பகுதி – யானை" என்றால் எது எதன் பகுதி? பி527க்குப் "பகுதிகள்" போதும். பி361க்கு "முழுப்பொருள்" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுவும் நாக்கில் ஒட்ட மறுக்கிறது. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.